கடைசிப் பெஞ்சுக் குழந்தைகள்

வகுப்பு என்று ஒன்று இருந்தால் அதில் கடைசிப் பெஞ்சு என்று ஒன்று இருந்தே தீரும். அந்தப் பெஞ்சில் உட்காரும் குழந்தைகளுக்குச் சூட்ட நம்மிடம் பெயர்களுக்குப் பஞ்சம் கிடையாது. மக்கு, மண்டு, மந்தம், சோம்பேறி, உதவாக்கரை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகலாம். உபாத்தியாயர் பெயரைச் சூட்டுகிறார். தகப்பனார் வீட்டில் அதை ஊர்ஜிதம் செய்கிறார். அண்டை அயலார் அதைப் பரப்புகிறார்கள். இரண்டொரு வருஷத்தில் குழந்தையும் அதை நம்பத் தொடங்கிவிடுகிறது. அப்புறம் அந்தப் பெயரை அழிப்பது எளிதில் ஆகிற காரியமல்ல.

பெயர் வைப்பதில் இத்தனை சுறுசுறுப்புக் காட்டும் நாம், காரணத்தைத் தேடுவதில் அதில் நாலில் ஒரு பங்காவது காட்டுகிறோமா? ஒரு குழந்தைக்குப் பாடம் ஏறவில்லை என்றால் அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். கரும்பலகையில் எழுதியிருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். அடிக்கடி சளி பிடித்து, காதுக்குள் நீர் கோத்துக்கொண்டு, உபாத்தியாயர் பேசுவதில் பாதி காதில் விழாமல் போகலாம். வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்திருக்கலாம். வீட்டில் பேசும் பாஷை ஒன்றும், பள்ளியில் போதிக்கும் பாஷை வேறொன்றுமாக இருக்கலாம். மற்றெல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனம் இருந்தும், எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மட்டும் தனிச் சிரமம் இருக்கலாம். அல்லது புத்தி வளர்ச்சியே மற்றக் குழந்தைகளைவிட மெதுவாக நடைபெறலாம். வெளியிலிருந்து பார்த்தால் இவை எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். 'பையன் படிக்கவில்லை' என்பதுதான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு. கண்ணாடி போட வேண்டிய குழந்தைக்குப் பிரம்படி கொடுத்தால் பார்வை வந்துவிடுமா?

ஆகவே, ஒரு குழந்தையின் கஷ்டம் இன்னதென்று சோதித்து அறிவது அவசியம். அதைப்பற்றி யாருக்கும் ஆட்சேபம் இராது. ஆனால் எப்படிச் சோதிப்பது, சோதித்த பிறகு என்ன செய்வது என்ற கேள்விகளில்தான் உலகம் பல முறை வழி தவறியிருக்கிறது. அந்தக் கதையை நேயர்கள் அறிந்துகொள்வது நல்லது.

பாரிஸில் பிறந்த பரீட்சை

பிரான்ஸ் தேசத்தில் 1882-ம் வருஷம் கட்டாய ஆரம்பக் கல்விச் சட்டம் ஏற்பட்டது. அதுவரையில் பள்ளிக்கூடத்து வாசற்படியையே மிதியாத குழந்தைகளெல்லாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் சிலருக்குச் சாதாரணப் போதனை பயன்படவில்லை. இத்தகையவர்களை என்ன செய்வது என்று ஆராய்வதற்காக 1904-ல் அந்த நாட்டுக் கல்வி மந்திரி ஒரு கமிஷனை நியமித்தார். அதன் அங்கத்தினர்களில் ஒருவர் ஆல்பிரட் பினே என்ற மனோதத்துவ அறிஞர்.

உபாத்தியாயர்களின் அபிப்பிராயத்தை மட்டும் நம்பி முடிவு செய்தால் குறும்புக்காரப் பையனை வகுப்பிலிருந்து தள்ளிவிடவும், சாதுவாக மூலையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையைக் கவனியாமல் விட்டுவிடவும் இடமுண்டு. ஆகையால் யார் பார்த்தாலும் ஒரே விதமாக அளக்கக்கூடிய ஒரு முறை வேண்டியிருந்தது. 1905-ல் பினேயும் டாக்டர் தியோடர் ஸிமோனும் சேர்ந்து 30 சோதனைகள் கொண்ட ஒரு வரிசையைத் தயாரித்தார்கள். எரிகிற தீக்குச்சியைக் குழந்தையின் கண்கள் பின்தொடர்கின்றனவா என்பது முதல் சோதனை. சாக்லேட்டையும் மரத்துண்டையும் வேறுபடுத்தி அறிகிறதா, மூன்று எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுகிறதா, ஈக்கும் பட்டாம்பூச்சிக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லத் தெரிகிறதா என்று படிப்படியாகக் கடினம் ஏறிக்கொண்டே போகும். 1908-ல் இந்தச் சோதனைகளை வயதுவாரியாகப் பிரித்து அமைத்தார்கள்.

பினேயின் நோக்கத்தை நாம் மறக்கக் கூடாது. உதவி தேவைப்படும் குழந்தையைக் கண்டுபிடித்து அதற்கு உதவுவதற்காகவே அவர் அளந்தார். புத்தி என்பது பிறவியிலேயே இவ்வளவு என்று நிறுத்துக் கொடுக்கப்பட்ட சரக்கு, அது கூடவே கூடாது என்று சொன்னவர்களை 1909-ல் வெளியிட்ட புத்தகத்தில் அவர் வன்மையாகக் கண்டித்தார். உடம்புக்குத் தேகாப்பியாசம் இருப்பதுபோல் கவனத்துக்கும் ஞாபகத்துக்கும் தீர்மான சக்திக்கும் அப்பியாசம் உண்டென்று கூறி, விசேஷ வகுப்புகளில் அதைச் செய்தும் காட்டினார். அதே வருஷம் இத்தகைய வகுப்புகளை ஏற்படுத்துவதற்கான சட்டமும் பிரான்ஸில் நிறைவேறியது. இரண்டு வருஷங்களுக்கெல்லாம், 1911-ல், பினே தமது 54-வது வயதில் காலமானார்.

அளவுகோல் பிரம்பாயிற்று

அவருக்குப் பிறகு நடந்தது வருந்தத் தக்கது. 1912-ல் ஜெர்மானிய அறிஞர் வில்லியம் ஸ்டெர்ன், குழந்தையின் புத்தி வயதை அதன் உண்மை வயதால் வகுக்கலாம் என்றார். 1916-ல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன், அந்த ஈவை 100-ஆல் பெருக்கி ஓர் எண்ணாக்கினார். 'ஐ.க்யூ.' என்று இன்று எல்லாரும் சொல்லும் எண் இப்படித்தான் பிறந்தது.

எண் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? உதவி செய்வதற்காக ஏற்பட்ட அளவுகோலைக் கொண்டு, கப்பலில் வந்திறங்கிய ஏழை ஜனங்களை இங்கிலீஷ் தெரியாத குற்றத்துக்காகப் புத்தி குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தினார்கள். 'புத்தி குறைந்தவர்கள்' சந்ததி பெறக் கூடாதென்று பல மாகாணங்கள் சட்டம் செய்தன. 1927-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே அத்தகைய சட்டம் ஒன்றைச் செல்லுமென்று தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவில் கறுப்பு இனக் குழந்தைகள் இந்தப் பரீட்சையின் பேரால், அவர்கள் ஜனத்தொகைக்குப் பொருத்தமில்லாத எண்ணிக்கையில், மந்த புத்தி வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டு வந்தார்கள். பெற்றோர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். அது நியாயமல்ல என்று 1979-ல்தான் கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னார்கள்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. ஒரு குழந்தையின் அநுபவத்துக்கும் பாஷைக்கும் சம்பந்தமில்லாத கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வராததைக் குழந்தையின் குறையாக எழுதிக்கொள்வது சோதனையாகாது.

கேள்வி மாறியது

ருஷிய அறிஞர் லெவ் வைகோட்ஸ்கி 1934-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். ஆனால் அவர் விட்டுச் சென்ற ஒரு யோசனை மிகவும் அருமையானது. இரண்டு குழந்தைகளைச் சோதிக்கிறோம். இருவரும் தனியே விட்டால் 8 வயதுக் குழந்தைக்குரிய கணக்குகளையே போடுகிறார்கள். பழைய முறைப்படி இருவரும் சமம். இப்போது ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிறு குறிப்புக் கொடுக்கிறார். உடனே ஒரு குழந்தை 12 வயதுக்குரிய கணக்கைப் போட்டுவிடுகிறது. மற்றது 9 வயதுக்குரியதோடு நின்றுவிடுகிறது. இப்போதும் இருவரும் சமம் என்று சொல்லலாமா? குழந்தைக்கு என்ன தெரியும் என்பதோடு, எந்த உதவி கொடுத்தால் எவ்வளவு தூரம் வரும் என்பதையும் அளக்க வேண்டும் என்றார் அவர். உபாத்தியாயருக்குப் பிரயோஜனப்படுவது இந்த இரண்டாவது அளவுதான்.

இங்கிலாந்தில் மேரி வார்னாக் அம்மையாரின் தலைமையில் அமைந்த கமிட்டி 1978-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பள்ளி வாழ்க்கையில் ஏதாவது ஒரு கட்டத்தில் ஐந்து குழந்தைகளுக்கு ஒரு குழந்தை வீதம் விசேஷ உதவி தேவைப்படலாம் என்று அது கூறியது. ஊனங்களை ரகம் பிரித்துப் பெயர் வைப்பதை விட்டு, 'இந்தக் குழந்தைக்குக் கல்வியில் என்ன தேவை?' என்று கேட்கும்படியும் அது சொல்லிற்று. 1981-ல் வந்த சட்டம் அந்தக் கருத்தை ஏற்றது. இதற்கு முன்பே, 1975-ல், அமெரிக்காவில் ஏற்பட்ட சட்டம், ஊனமுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுத வேண்டும், அதில் பெற்றோருக்கும் பங்கு இருக்க வேண்டும் என்று விதித்திருந்தது.

'இந்தக் குழந்தை என்ன ரகம்?' என்ற கேள்விக்கும், 'இந்தக் குழந்தைக்கு என்ன தேவை?' என்ற கேள்விக்கும் எவ்வளவு தூரம்! முதற் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் காரியம் முடிந்துவிடுகிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் காரியமே ஆரம்பமாகிறது.

நம் தேசத்தில்

இந்தியாவில் இந்தப் பணி தர்மமாக ஆரம்பித்தது. பம்பாயில் 1885-ல் செவிடர் பள்ளியும், அமிருதசரஸில் 1887-ல் குருடர் பள்ளியும் தோன்றின. நம் திருநெல்வேலிச் சீமையில், பாளையங்கோட்டையில், 19-ம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் மிஷனரி ஸ்திரீகள் பள்ளிகள் ஏற்படுத்தினார்கள். அந்நாளில் வழங்கிய இந்தச் சொற்கள் இன்று நம் காதுக்கு உறுத்துகின்றன. 'மாற்றுத் திறனாளிகள்' என்ற மரியாதையான சொல் தமிழில் நிலைபெற்றுவிட்டது. சொல் மாறியது நல்லதே. நிலைமையும் அதனோடு சேர்ந்து மாற வேண்டும் அல்லவா?

தர்மமாக இருந்தது மெல்ல மெல்ல உரிமையாயிற்று. 1974-ல் மத்திய சர்க்கார், ஊனமுற்ற குழந்தைகளைச் சாதாரணப் பள்ளிகளில் சேர்த்துப் படிக்க வைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1995-ம் வருஷத்துச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்தது. எழுதப் படிக்க மட்டும் தனியாகச் சிரமப்படும் 'டிஸ்லெக்ஸியா' முதலிய கற்றல் குறைபாடுகள் அந்த ஏழில் சேரவில்லை. ஆட்டிஸமும் சேரவில்லை. 2016-ம் வருஷத்துச் சட்டத்தில் பட்டியல் 21 ஆயிற்று. இவை இரண்டும் இடம் பெற்றன. 40 சதவிகிதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையுள்ள குழந்தைக்கு, வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ விருப்பமான விசேஷப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை அந்தச் சட்டம் அளிக்கிறது. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடித்துத் தக்க போதனை அளிக்க வேண்டும், பரீட்சையில் கூடுதல் நேரமும் எழுதுவதற்கு உதவியாளும் கொடுக்க வேண்டும், இரண்டாம் மூன்றாம் பாஷைப் பாடங்களிலிருந்து விலக்களிக்க வேண்டும் என்பனவும் அதில் உண்டு.

சட்டத்தைப் படித்துப் பார்த்தால் மனம் குளிர்கிறது. ஆனால் சட்டப் புத்தகம் வகுப்புக்கு வந்து பாடம் சொல்லிக் கொடுக்காது. அதற்குப் பயிற்சி பெற்ற உபாத்தியாயர்கள் வேண்டும். விசேஷ உபாத்தியாயர்களை எந்த விகிதத்தில் நியமிப்பது என்று திட்டம் செய்யும்படி 2021-ல் சுப்ரீம் கோர்ட்டார் உத்தரவிட நேர்ந்தது. ஆரம்ப வகுப்புகளில் இத்தகைய 10 குழந்தைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கு அதன் பிறகே வந்தது. கணக்கு காகிதத்தில் இருந்தால் போதாது. ஆள் வகுப்பில் இருக்க வேண்டும்.

தமிழ்க் குழந்தையைத் தமிழில் சோதியுங்கள்

சோதிக்கும் முறையிலும் நமக்கென்று ஒரு விஷயம் உண்டு. பினேயின் சோதனைகளை நம் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றியமைக்க வேண்டும் என்பதை முன்னோர் உணர்ந்தே இருந்தார்கள். 1930-களில் வி. வி. காமத் என்ற அறிஞர் கன்னடமும் மராத்தியும் பேசும் குழந்தைகளுக்காக அதைத் திருத்தி அமைத்தார். அத்தகைய முயற்சி எல்லாத் தேச பாஷைகளிலும் இடைவிடாது நடந்திருக்க வேண்டும். ஆனால் இங்கிலீஷ் வார்த்தைகளைப் படிக்கச் சொல்லி, தடுமாறும் குழந்தைக்குக் குறைபாடு இருப்பதாக ஊகிப்பவர்களை இன்னும் காண்கிறோம். வீட்டில் இங்கிலீஷ் வாசனையே இல்லாத குழந்தை அதில் தடுமாறினால் அதிசயம் என்ன?

தமிழ் எழுத்துக்கென்று தனிக் குணங்கள் இருக்கின்றன. 247 எழுத்துக்கள் என்று சொல்லுகிறோம். 'கல்' என்பதிலும் 'தங்கம்' என்பதிலும் 'பகல்' என்பதிலும் ககரம் ஒன்றுதான், ஒலியோ மூன்று. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. ஒலியில் அது பின்னால் வருகிறது. 'கொ' என்பதில் குறிகள் இரு பக்கமும் நின்று எழுத்தை நடுவில் வைத்துக்கொள்கின்றன. ல, ள, ழ என்பவற்றையும் ந, ன, ண என்பவற்றையும் பேச்சில் பிரிக்காத ஊர்களும் உண்டு. வீட்டில் 'வந்துச்சு' என்று பேசும் குழந்தை, புத்தகத்தில் 'வந்தது' என்று படிக்க வேண்டியிருக்கிறது. எந்தத் தடுமாற்றம் எல்லாக் குழந்தைகளுக்கும் இயல்பானது, எது தனிக் கவனத்தைக் கோருவது என்பதைத் தமிழ் அறிந்து, தமிழ்க் குழந்தைகளைப் பார்த்துப் பழகியவரே பிரித்துச் சொல்ல முடியும். எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகும் ஜெர்மன், இத்தாலிய பாஷைகளில், இந்தக் குறைபாடு தவறாகப் படிப்பதைவிட மிக மெதுவாகப் படிப்பதாகவே வெளிப்படுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். தவறுகளை மட்டும் எண்ணுகிற சோதனையில் அப்படிப்பட்ட குழந்தை அகப்படாமலே போய்விடும்.

சான்றிதழுக்குக் காத்திருக்கலாமா?

கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் கொடுப்பது பற்றி 2018-ல் வெளியான வழிகாட்டி விதிகள், 8 வயது நிரம்பிய பிறகே சான்றிதழ் என்று கூறின. இது நியாயமற்றதென்று சொல்ல முடியாது. எழுத்துக்களை இரண்டு மூன்று வருஷம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்துப் பார்க்காமல் குறைபாடு இருக்கிறதென்று எப்படி முடிவு கட்டுவது? ஆனால் சான்றிதழ் வருகிற வரையில் ஒன்றுமே செய்யாமல் இருந்துவிட்டால், 5 வயதுக்கும் 8 வயதுக்கும் இடையே உள்ள பொன்னான காலம் பாழாகிறது. 'எனக்கு வராது' என்ற எண்ணம் குழந்தையின் மனத்தில் வேர் ஊன்றுவது அந்தக் காலத்தில்தான். பரீட்சைச் சலுகைக்குச் சான்றிதழ் தேவையாயிருக்கலாம். பாடம் சொல்லிக் கொடுப்பதற்குச் சான்றிதழ் எதற்கு?

'ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஒவ்வொருவரையும் தனித்தனியே கவனிக்க ஓர் உபாத்தியாயரால் எப்படி முடியும்?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர் சுமையை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் செலவில்லாத உதவிகள் பல இருக்கின்றன. கடைசிப் பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு மாற்றுவதற்குச் செலவு என்ன? பெரிய எழுத்தில் எழுதுவதற்கும், ஒரே மூச்சில் நாலு வேலை சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்வதற்கும், எழுத வராத பதிலை வாயால் சொல்லச் சொல்லிக் கேட்பதற்கும், வகுப்புக்கு நடுவே சத்தமாகப் படிக்கச் சொல்லி அவமானப்படுத்தாமல் இருப்பதற்கும் பணம் வேண்டியதில்லை.

நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் குழந்தை மணலில் விரலால் எழுதிக்கொண்டே எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லும். கண், காது, வாய், விரல் எல்லாம் ஒரே சமயத்தில் வேலை செய்யும். டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தைகளுக்கு மேல்நாட்டு நிபுணர்கள் வகுத்த போதனையிலும் இதே அம்சம் இருக்கிறது. பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கமும் இங்கே இருந்தது. சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அம்முறையைக் கையாண்டு, 1797-ல் அதைப்பற்றிப் பிரசுரம் வெளியிட, அது 'மதராஸ் முறை' என்ற பெயரோடு சீமையில் பரவியது. அதற்காகத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை நாம் கொண்டாடிவிடவும் வேண்டாம். கோதண்டம் போட்டுத் தொங்கவிட்டதும் அங்கேதான். எல்லாச் சாதிக் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் அதன் கதவு திறந்திருக்கவில்லை. நல்லதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

செலவாகும் உதவிகளும் இருக்கின்றன. பிரெய்ல் புத்தகமும், காது கேட்கும் கருவியும், சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளமும், பேச்சுப் பயிற்சியும் இலவசமாக ஆகாயத்திலிருந்து விழா. இவற்றுக்குச் சர்க்கார் பணம் ஒதுக்கத்தான் வேண்டும். ஒதுக்கிய பணம் குழந்தையிடம் போய்ச் சேருகிறதா என்று ஜனங்கள் கேட்கத்தான் வேண்டும்.

விசேஷப் பள்ளியா, சாதாரணப் பள்ளியா?

எல்லாக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் சேர்ந்து படிப்பதே சிறந்தது என்ற கொள்கை 1994-ல் ஸ்பெயின் தேசத்து ஸலமான்கா நகரில் கூடிய உலக மகாநாட்டில் பிரகடனமாயிற்று. கொள்கை உயர்ந்தது. குழந்தைப் பருவத்திலே ஒன்றாக விளையாடியவர்கள் பெரியவர்களான பிறகு ஒருவரையொருவர் அந்நியமாகப் பார்ப்பதில்லை. ஆனால் சைகை மொழி அறிந்தவர் ஒருவர்கூட இல்லாத வகுப்பில் காது கேளாத குழந்தையை உட்கார வைத்துவிட்டு, 'சேர்த்துக்கொண்டோம்' என்று பெருமைப்படுவது சேர்த்தல் ஆகாது. அந்தக் குழந்தைக்குச் சைகை மொழி பேசும் தோழர்கள் நிறைந்த பள்ளிதான் உண்மையில் வீடுபோன்றதாக இருக்கலாம். ஆகவே எல்லாருக்கும் ஒரே பதில் என்று பிடிவாதம் பிடிக்காமல், குழந்தையைப் பார்த்து, பெற்றோரைக் கேட்டு, கூடுமானால் குழந்தையையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும். ஒரு முறை செய்த முடிவை வருஷந்தோறும் எடுத்துப் பார்க்கவும் வேண்டும்.

வீட்டில் உள்ளோர் செய்யக்கூடியது

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தை படிப்பில் பின்தங்கினால் முதலில் கண்ணையும் காதையும் வைத்தியரிடம் காட்டுங்கள். எந்தப் பாடத்தில், எந்த வேலையில், எந்த நேரத்தில் தடுமாறுகிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். எதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது என்பதையும் அதே புத்தகத்தில் எழுதுங்கள். சோதிப்பவருக்கு இரண்டும் தேவை. நிபுணர் சோதித்துவிட்டு ஓர் எண்ணையோ ஒரு பெயரையோ மட்டும் கொடுத்தால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். 'நாளைக் காலையில் வகுப்பில் என்ன மாற வேண்டும்? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?' என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். இவற்றுக்குப் பதில் இல்லாத சோதனை பாதிச் சோதனைதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அண்ணனோடும் அடுத்த வீட்டுப் பெண்ணோடும் ஒப்பிடுவதை நிறுத்துங்கள். மாமா வந்திருக்கும்போது மார்க்குப் பட்டியலை நீட்டிக் கேலி செய்வதையும் நிறுத்துங்கள். வெளியுலகம் வைக்கும் பெயரை வீடு ஏற்காதவரை குழந்தைக்கு ஒரு புகலிடம் மிஞ்சுகிறது.

'அடியாத மாடு படியாது' என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. மாட்டைப் பற்றிக்கூட அது சரியா என்று நமக்குச் சந்தேகம். குழந்தையைப் பற்றி நிச்சயமாகச் சரியல்ல. ஒரு தேசம் தன் முதல் பெஞ்சுக் குழந்தைகளைப் பற்றிப் பெருமை பேசுவது சுலபம். அவர்கள் எப்படியும் படித்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் என்ற ஸ்தாபனம் உண்மையில் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர், கடைசிப் பெஞ்சில் இருக்கும் குழந்தை இந்த வருஷம் என்ன கற்றுக்கொண்டது என்று கேட்கட்டும்.